பெருந்துறை பக்கம் வீட்டு வயரிங் காண்ட்ராக்ட்: கரண்ட் வேலை படு மோசமுங்க

வீடு கட்டிக் குடுத்த காண்ட்ராக்டரே கரண்ட் வேலையும் சேத்து எடுத்துக்கிட்டாருங்க. பூச்சு, டைல்ஸ் எல்லாம் குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா வயரிங்ல உசுரோட வெளையாடிப்போட்டாரு.

குடி வந்ததுல இருந்தே காத்தால தண்ணி வாக்க ஹீட்டர் போட்டா, அந்தப்பக்கம் வாஷிங் மெஷின்ல கை வெச்சவங்களுக்கு சுருக்குங்குது, எங்கம்மாதான் மொதல்ல சொன்னாங்க. காண்ட்ராக்டரக் கேட்டா "ஈரக்கையில தொட்டா அப்படித்தானுங்க, செருப்பு போட்டுக்கச் சொல்லுங்க"ன்னுட்டாரு. வயசானவங்க இருக்குற ஊட்டுல சொல்ற பேச்சா இது?

ஈரோட்டுல இருந்து லைசென்ஸ் இருக்குற வயர்மேன் ஒருத்தர வர வெச்சோம். ஹீட்டர் பாயிண்டக் கழட்டுனா கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரே இழுக்கல, கசியிற கரண்ட மண்ணுக்கு அனுப்புற எர்த் வயரையே நியூட்ரலா குடுத்திருக்காங்க. 3 கிலோவாட் ஹீட்டர் 13 ஆம்பியர் இழுக்கும், அம்புட்டும் எர்த் வழியா திரும்புது, அதே எர்த்துல இருக்குற மெஷினும் சேந்து அடிக்குது. அப்ப ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற சுவிட்ச்) விழுந்திருக்கணுமேன்னு போர்டத் தொறந்தா, ஊட்டுக்குப் போற வயரையெல்லாம் அதுக்கு முன்னாலயே சேத்து பைபாஸ் பண்ணியிருக்காங்க. டெஸ்ட் பட்டன அழுத்துனா ஆர்சிசிபி டக்குன்னு விழுகுது, ஆனா ஒரு லைட்டுகூட அணையல. 30 மில்லிஆம்பியர் கசிஞ்சாலே கட் பண்ணி உசுரக் காப்பாத்தத்தான் அத மாட்டுறதே, ட்ரிப் ஆகுதுன்னு தெரிஞ்சும் காரணத்தப் பாக்காம பைபாஸ் பண்றது தெரியாம நடந்த தப்பில்லீங்க. எனக்கு ஆறவே மாட்டேங்குது.

கொட்டேஷன்ல ஹீட்டருக்கும் ஏசிக்கும் 4 ஸ்கொயர் எம்எம் வயர்னு எழுதிக் குடுத்தவரு, போட்டது லைட்டுக்குப் போடுற 1.5. பைப்புக்குள்ளயே முறுக்கி டேப் சுத்துன ஜாயிண்ட் வேற. பூசுன சுவத்த ஒடச்சு பாத்ரூம் லைன் முழுசா மாத்தினோம், வந்த வயர்மேன் பொறுமையா ஒவ்வொண்ணையும் காட்டிக் காட்டிப் பண்ணுனாரு, அவருக்கு ரொம்ப நன்றிங்க.

வீடு கட்டுறவங்க பூச்சுக்கு முன்னாலயே பைப் ஓடுற சுவத்தையெல்லாம் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, வயர் சுருள்ல ஐஎஸ்ஐ மார்க்கும் சைஸும் பாருங்க, டெஸ்ட் பட்டன அழுத்தி மொத்த வீடும் அணையுதான்னு பாத்துட்டு கடைசி செட்டில்மெண்ட் குடுங்க.

காண்ட்ராக்டரு இப்ப போனே எடுக்கறதில்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் குடுத்தாச்சு, அடுத்தது ஈரோடு நுகர்வோர் கோர்ட்டுதான், கொட்டேஷனும் போட்டோவும் கையில இருக்கு.