ஃபார்மட் போடுவதற்கு முன்: கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மதிப்பீடு

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டால் நம்மில் பெரும்பாலோர் வைரஸ் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழுது பார்க்கும் கடைகளிலும் பல நேரம் ‘ஃபார்மட் போட்டுவிடலாம்’ என்பதே முதல் ஆலோசனையாக இருக்கிறது. ஆனால் விண்டோஸ் எழுந்து வரப் பல நிமிடங்கள் ஆவதும், ஒரு கோப்பைத் திறந்தால் திரை உறைந்து நிற்பதும், நகலெடுப்பது பாதியில் நின்றுபோவதும் சேர்ந்து வந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது ஹார்ட் டிஸ்க்கைத்தான். அந்தச் சந்தேகத்தைச் சில நொடிகளில் சோதிக்க உதவுவது, ஹியோஹியோ என்ற பெயரில் இயங்கும் ஜப்பானிய நிரலாளர் உருவாக்கிய இலவச மென்பொருளான கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ பதிவுகளை இது படித்துக் காட்டுகிறது. நிலை நன்றாக இருந்தால் நீலம், எச்சரிக்கை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. ஜிப் வடிவில் கிடைக்கும் பதிப்பை நிறுவ வேண்டியதில்லை என்பதால், பென் டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் இயக்கலாம். அனிமே பெண் உருவத்தோடு வரும் பதிப்புகளும் உண்டு. வேலைக்கு அலங்காரமில்லாத பதிப்பே போதும்.

நிறத்தை மட்டும் பார்த்து மூடிவிடுபவர்களுக்கு இதன் பயன் பாதிதான். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் கவனிக்க வேண்டியவை 05, சி5, சி6 என்ற மூன்று வரிகள். டிஸ்க்கில் தரவு பதியும் சிறு துண்டுகள்தான் செக்டர்கள்; பழுதானதால் மாற்றிடம் ஒதுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கையை 05 சொல்கிறது. படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவற்றை சி5 சொல்கிறது. சரிசெய்ய முடியாதவை சி6. இவற்றில் சிறிய எண் வந்தாலே மஞ்சள் நிறம் தோன்றிவிடும். அதற்காக அன்றைக்கே டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. தரவை நகலெடுத்து வைத்துவிட்டு, அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் மாற்றியே ஆக வேண்டும்.

சி7 என்ற வரியைப் பலர் கண்டுகொள்வதில்லை. அது டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு செல்லும்போது நேரும் பிழைகளின் எண்ணிக்கை என்பதால், பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க் அல்ல, தளர்ந்துபோன அல்லது கெட்டுப்போன சாட்டா கேபிள்தான். மலிவான ஒரு கேபிளை மாற்றினால் தீரும் பிரச்சினைக்காகப் புதிய டிஸ்க் வாங்குவது வீண்செலவு. கேபிளை மாற்றிய பிறகும் பழைய எண் அழியாது. மேலும் கூடாமல் நிற்கிறதா என்பதே கணக்கு.

இதன் பெரிய குறை, மூல எண்களை, 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கொண்டு எழுதும் பதினாறடிமான முறையில் காட்டுவது. அமைப்புகளுக்குள் சென்று வழக்கமான பதின்ம முறைக்கு மாற்றலாம் என்றாலும், புதிதாகப் பார்ப்பவருக்கு அது எளிதில் கண்ணில் படாது. சீகேட் டிஸ்க்குகளில் 01, 07 ஆகிய வரிகள் இயல்பாகவே மிகப் பெரிய எண்களைக் காட்டும் என்பதையும் இது விளக்குவதில்லை. நல்ல டிஸ்க்கை வைத்துக்கொண்டு பயப்படுபவர்கள் இதனால்தான் பயப்படுகிறார்கள். சில யுஎஸ்பி அடாப்டர்கள் வழியாக இணைத்த டிஸ்க்குகள் இதில் தெரிவதே இல்லை.

நீல நிறத்தை உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இணையவழித் தரவுச் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் தன் சேமிப்பகங்களைப் பற்றி 2016இல் வெளியிட்ட கணக்கின்படி, பழுதான டிஸ்க்குகளில் 23.3 சதவீதம், முக்கியமான ஐந்து ஸ்மார்ட் குறியீடுகளிலும் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே நின்றுபோயின. சுழலும் தட்டு இல்லாத, சில்லுகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டிகளுக்கு இது காட்டும் சதவீதமும் பெரும்பாலும் எழுதித் தேய்ந்த அளவைத்தான் குறிக்கிறது. உள்ளிருந்து டிஸ்க்கை இயக்கும் சில்லான கன்ட்ரோலர் திடீரென்று செத்துப்போவதை அது முன்கூட்டிச் சொல்லாது.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ எதையும் பழுது பார்ப்பதில்லை. மஞ்சளோ சிவப்போ கண்டவுடன், விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க்கை முழுச் சோதனையாக ஓட்டினால், மூச்சுத் திணறும் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் அது படிக்க வைக்கும். எனவே படங்களையும் ஆவணங்களையும் வேறொரு டிஸ்க்குக்கு மாற்றிய பிறகுதான் அந்த வேலையைத் தொடங்க வேண்டும்.