உள்ளங்கால் மரு: ஆசிட் போடுவதா, உறைய வைப்பதா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் உள்ளங்காலில் எது தடித்தாலும் அதற்கு ஒரே பெயர்தான்: கால் ஆணி. என் தம்பிக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பாமாயில் எடுக்கும் செம்பனை மரத்தில் குலை வெட்டுகிறவன். விடிந்ததும் ரப்பர் பூட்ஸ் மாட்டினால் மத்தியானம்தான் கழற்றுவான், பாதம் வேர்வையில் ஊறிப்போயிருக்கும். எட்டு மாதம் பிளேடால் சீவிச் சீவி விட்டான். ஒன்று மூன்றானது.

ஒருநாள் அவன் காலை மடியில் தூக்கிவைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தோல் ரேகைகள் அந்த இடம் வந்ததும் விலகி ஓடின. நடுவில் கடுகைவிடச் சிறிய கரும்புள்ளிகள். நேராக அழுத்தியபோது பொறுத்துக்கொண்டான். இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளியதும், "ஐயோ அக்கா, விடு!" என்று காலை இழுத்துக்கொண்டான். அது மரு. ஆணியாக இருந்தால் நேராக அழுத்தும்போதுதான் அதிகம் வலிக்கும். கரும்புள்ளிகளை வேர் என்று நினைத்துத் தோண்டுகிறார்கள். அவை இரத்தம் உறைந்துபோன நுண்குழாய்கள். மரு வருவது எச்பிவி என்ற வைரஸால். பிளேடு அதைப் பக்கத்துத் தோலுக்குக் கொண்டுபோகும்.

சரி, எதைப் போடுவது? போட்டி முக்கியமாக இரண்டுக்குத்தான்: மருந்துக்கடையில் விற்கும் சாலிசிலிக் அமிலம், டாக்டர் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. திரவ நைட்ரஜனின் குளிர் மைனஸ் 196 டிகிரி. அதனால் அதுதான் பலமான வைத்தியம் என்று எல்லோரும் நம்புகிறோம், நானும் நம்பினேன். ஆனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்தில் 240 பேரிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் 50 சதவீத சாலிசிலிக் அமிலத்தைத் தினமும் தாங்களே பூசினார்கள். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, நான்கு தடவை வரை உறைய வைத்தார்கள். 12 வாரத்தில் முழுதாகப் போனது இரண்டு பிரிவிலும் 14 சதவீதம் பேருக்குத்தான். அடம்பிடிக்கிற மரு என்று சும்மாவா சொல்கிறார்கள்!

பலன் சமம் என்றால் மற்றதைத்தான் பார்க்க வேண்டும். உறைய வைத்தால் கொப்புளம் எழும், சில நாள் ஊன்றி நடக்க முடியாது. குலை வெட்டுகிறவனுக்கு அது சம்பளம் போகிற நாள். அந்த வசதி எல்லா கிளினிக்கிலும் கிடையாது. ஈப்போ வரை போய்வரச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் வேலை போகும். ஆசிட்டுக்குப் பயணம் வேண்டாம், ஆனால் பொறுமை வேண்டும். பலர் தோற்பது இங்கேதான். இரண்டு வாரம் பூசிவிட்டு மருந்து சரியில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

கடையில் கிடைக்கும் குப்பி பெரும்பாலும் 17 சதவீதத்தை ஒட்டியது, 40 சதவீத பிளாஸ்டரும் உண்டு. நாங்கள் செய்தது இது. இரவு பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் கால். ஊறி வெளுத்த தோலை அட்டை அரத்தால் மெதுவாகத் தேய்ப்போம். அந்த அரம் அவனுக்கு மட்டும்தான், வேறு யாரும் தொடக்கூடாது. சுற்றிலும் வாஸ்லின் தடவி, மருவின்மேல் ஒரே ஒரு சொட்டு. காய்ந்ததும் மேலே டேப். புண்ணானால் இரண்டு மூன்று நாள் நிறுத்தி, ஆறியதும் மறுபடி தொடங்குவோம். இதை 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். அவனுக்குப் பதினோராவது வாரத்தில் இரண்டு இடங்களில் மரு மறைந்து, தோல் ரேகைகள் மறுபடி குறுக்கே ஓடத் தொடங்கின. மூன்றாவது இன்னும் இருக்கிறது. அது அசையாவிட்டால் உறைய வைக்கக் கூட்டிப்போவேன். என் வரிசை அதுதான்: முதலில் ஆசிட், அப்புறம் குளிர்.

மற்றவை அவ்வளவு தூரம் வராது. வெறும் டேப் மட்டும் ஒட்டுவது 2002 ஆய்வில் பிரமாதமாகத் தெரிந்தது, பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. இமிக்விமோட் போன்ற களிம்பு உள்ளங்காலின் தடித்த தோலுக்குள் இறங்கச் சிரமப்படும், டாக்டர் சொன்னால் மட்டும். சுண்ணாம்பும் எருக்கம்பாலும் நல்ல தோலைச் சேர்த்துப் புண்ணாக்கும். பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிய காலத்தில் ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்டை எங்கள் மாமா காலில் தொட்டு வைத்தார். மரு இருந்த இடத்தில் குழி விழுந்து, ஒரு மாதம் நொண்டினார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சிறுபிள்ளைகளுக்கு வலி இல்லையென்றால் விட்டுவிடலாம், பலருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடும்.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. காலில் உணர்ச்சியும் இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் ஆசிட் தின்பதுகூடத் தெரியாது, புண் ஆறவும் ஆறாது. அம்மாவின் குதிகாலிலும் ஒன்று இருக்கிறது. தம்பிக்குப் போடுவதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு சொட்டு வைம்மா" என்றார். குப்பியை மேல் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். புதன்கிழமை அரசு கிளினிக்கில் இனிப்பு நீருக்குப் பார்க்கும் நாள், அங்கே காலைக் காட்டப் போகிறோம்.