தையலா, தறியா, மாவா? கிழக்கின் கிராமப் பெண்களுக்கான மூன்று பயிற்சிகள்

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் குறைந்த வருமானக் குடும்பங்களின் பெண்களுக்கென நடத்தப்படும் வாழ்வாதாரப் பயிற்சிகளை எடுத்துப் பார்த்தால், திட்டங்களின் பெயர் மாறினாலும் தொழில்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன: தையல், கைத்தறி நெசவு, உணவு பதனிடல். எதில் சேர்வது என்று கேட்டு வரும் பெண்ணுக்குச் சான்றிதழைப் பற்றியும் பயிற்சிக் காலக் கொடுப்பனவைப் பற்றியுமே அதிகம் சொல்லப்படுகிறது. பயிற்சி முடிந்த மறுமாதம் மூலப்பொருளுக்குக் காசு போடப் போவது யார், செய்த பொருளை வாங்குபவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற இரண்டு கேள்விகள் அவற்றைவிட முக்கியமானவை என்பது என் எண்ணம். ஆகவே அவற்றைக் கொண்டே இம்மூன்றையும் ஒப்பிடுகிறேன்.

தையலுக்கு விண்ணப்பிப்பவர்கள் எப்போதும் அதிகம். மிதி இயந்திரம் ஒன்றும் வீட்டுத் திண்ணையில் ஓரிடமும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். துணியை வாடிக்கையாளரே கொண்டுவருவதால் தையற்காரி முதல் போட வேண்டியது நூலுக்கும் ஊசிக்கும் பொத்தானுக்கும் மட்டுமே. அரச பாடசாலை மாணவர்களுக்கு 1993 முதல் சீருடை இலவசமாக வழங்கப்பட்டு வருகிறது. துணியாகக் கிடைக்கும் ஆண்டுகளில், பாடசாலை தொடங்கும் காலத்தில் ஊர்த் தையற்காரிக்கு ஓய்விராது. சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, முஸ்லிம்களின் இரண்டு பெருநாட்கள் ஆகியவற்றுக்கு முந்தைய வாரங்களும் அவ்வாறானவையே. காத்தான்குடி, ஏறாவூர், சம்மாந்துறை போன்ற ஊர்களில் அபாயா தைக்கத் தெரிந்தவருக்கு ஆண்டு முழுவதும் ஓரளவு வேலை உண்டு.

குறை எங்கே இருக்கிறதென்றால், ஒரே கிராமத்திலிருந்து இருபது பேரை ஒரே வகுப்பில் இருத்தி ஒரே சட்டையைத் தைக்கப் பழக்குவதில் இருக்கிறது. அளவெடுத்து வெட்டுவதுதான் இத்தொழிலின் உயிர். ஆயினும் பயிற்சி நாட்களில் பெரும்பகுதி நேர்த்தையலிலேயே கழிந்துவிடுகிறது. சாரிச் சட்டையின் கழுத்தையும் கையையும் பிசகாமல் வெட்டத் தெரியாதவரிடம் இரண்டாவது முறை யாரும் துணி கொடுப்பதில்லை. விளிம்பு அடிக்கும் ஓவர்லொக் இயந்திரம் இல்லாததால், கடை ஆடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களின் கண்ணில் வீட்டுத் தையல் தரம் குறைந்து தெரிவதும் உண்டு. வழங்கியபோது கட்டிய ரிப்பன்கூட அவிழாமல் மூலையில் மூடிக் கிடக்கும் இயந்திரங்களைக் கண்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. ஒரு கிராமத்துக்கு நன்றாக வெட்டத் தெரிந்த இரண்டு மூன்று பேர் போதும்; மற்றவர்களை வேறு தொழிலுக்குத் திருப்புவதே நேர்மையான ஆலோசனையாக இருக்கும்.

நெசவின் கதை வேறு. அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை, சாரனுக்கும் சேலைக்கும் தலைமுறைகளாகப் பெயர்பெற்ற ஊர்; 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் பெருக்கெடுத்து வந்தபோது பேரழிவைச் சந்தித்த இந்த ஊரில் தறிகள் மீண்டும் ஒலிக்கத் தொடங்கியதற்கு நூல் தருபவர், சாயமிடுபவர், நெடுக்கு இழையான பாவை ஓட்டுபவர், குறுக்கு நூலைத் தாரில் சுற்றுபவர், நெய்பவர், கடைக்கு ஏற்றுபவர் என்று ஒருவர் தோளில் ஒருவர் தாங்கிய ஏற்பாடே காரணம் என்று கருதுகிறேன். அங்கே தறி உரிமையாளர் நூலைத் தருகிறார். நெய்யும் பெண் துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார். இந்த ஏற்பாட்டை ஏளனமாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனினும் கையில் முதல் இல்லாத பெண்ணுக்கு இதில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2022 ஆம் ஆண்டு சில வாரங்களுக்குள் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியபோது, வெளிநாட்டிலிருந்து வரும் நூலின் விலையேற்றத்தை முதலில் தாங்க வேண்டியிருந்தவர் உரிமையாளர். நெய்பவருக்குத் தறி நின்ற நாட்களின் கூலி போயிற்று, கடன் ஏறவில்லை.

அதே தறியை, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றில் கொண்டுபோய் வைத்தால் நிலைமை தலைகீழாகிவிடும். திட்டம் நடக்கும் வரை நூல் வரும், துணியும் திட்டத்தின் கண்காட்சியில் விற்கும். திட்டம் முடிந்ததும் நூல் வாங்கக் கல்முனைப் பக்கம் போக வேண்டும், நெய்ததை விற்க மீண்டும் அங்கேயே போக வேண்டும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை ஓடவிட்டு நெய்வதைச் சில மாதங்களில் பழகிவிடலாம். பாவின் இழைகளை எண்ணி, நிறங்களை அடுக்கி, கரையை வகுக்கும் வேலை அத்தனை விரைவில் கைவராது. அதைக் கற்பிக்காத பயிற்சி, கூலிக்கு நெய்பவரைக் கடைசி வரை கூலிக்கு நெய்பவராகவே வைத்திருக்கும். மருதமுனையிலோ அதன் அயலிலோ வாழும் பெண்ணுக்கு நெசவைத் தயங்காமல் சொல்வேன். தொலைவில் இருப்பவருக்குச் சொல்லமாட்டேன்.

உணவு பதனிடல் என்பது பெரிய பெயராக இருந்தாலும், நடைமுறையில் அரிசி மா, குரக்கன் மா, சத்துமா, மிளகாய்த்தூள், வறுத்த கச்சான், ஊறுகாய், கருவாடு போன்றவற்றைச் சுத்தமாகச் செய்து பொதியிட்டு விற்பதே ஆகும். இதற்கான மூலப்பொருளில் பெரும்பகுதி காலடியில் கிடக்கிறது. வேளாண்மை வெட்டி முடிந்த மாசி, பங்குனியில் நெல் மலிவாகக் கிடைக்கும். வாகரைப் பக்கம் கச்சானும் மரமுந்திரிகையும் உண்டு. வறுக்கவும் இடிக்கவும் அரிக்கவும் இந்தப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவர்கள் கற்க வேண்டியவை ஈரப்பதனைக் கட்டுப்படுத்துவது, காலாவதித் திகதியைத் தீர்மானிப்பது, விலையைக் கணக்கிடுவது, பொதியில் சட்டப்படி என்னென்ன அச்சிட வேண்டும் என்று அறிவது ஆகியவையே. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் குடிசைத் தொழிலுக்கும் பொருந்தும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது பயப்படாமல் அடுப்படியைக் காட்டக்கூடியவரே இதில் நிலைப்பார்.

வாங்குபவர் மிக அருகில் இருப்பது இத்தொழிலில்தான். ஊர்க்கடை, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, இடியப்பம் அவித்து விற்கும் அயல்வீடு என்று ஒரே நாளில் காசு புரளும். ஆனால் முதல் முழுவதும் பெண்ணுடையது, நட்டமும் அவருடையது. கடைக்காரர் ‘விற்றால் தருகிறேன்’ என்று வாங்கி வைக்கும் பொதிகள் ஒரு மாதம் கழித்து வண்டு பிடித்துத் திரும்பி வந்தால், அடுத்த மூடை அரிசிக்குக் காசு இராது. ஐப்பசி முதல் தை வரை மழை விடாத இந்தப் பகுதியில் பாயில் காயவைக்கும் எந்தப் பொருளும் பூஞ்சணம் பிடிக்கும் என்பதும் தெரிந்ததே. 2024 நவம்பர் இறுதியில் இரு மாவட்டங்களையும் மூடிய வெள்ளத்தை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். பயிற்சியோடு உலர்த்தி ஒன்றையும் கூட்டாகப் பயன்படுத்தும் ஏற்பாட்டையும் தராத திட்டம் பாதித் திட்டமே. பால் உற்பத்திப் பயிற்சிகளை நான் இந்த வரிசையில் சேர்க்காததற்குக் காரணம், மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சற்தரையில் கால்நடை வளர்ப்பவர்களுக்கும் அங்கே பயிர்செய்ய வந்தவர்களுக்கும் இடையிலான பிணக்கு தீராதவரை தயிருக்கான பாலே நிச்சயமில்லை என்பதுதான்.

காலமும் பாதையும் மூன்றுக்கும் பொதுவான சிக்கல்கள். களை பிடுங்கும் நாட்களிலும் அறுவடை நாட்களிலும் நாட்கூலியை விட்டுவிட்டு வகுப்புக்கு வரும்படி கேட்பது நியாயமில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு கொக்கட்டிச்சோலைப் பெண்களின் பயணம் எளிதாயிற்று. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ‘பாதை’ எனப்படும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்க வேண்டியவர்களுக்கோ, மாலை நாலரை மணிக்கு முடியும் வகுப்புகூட இருட்டிய பின் வீடு சேரும் வகுப்பாகிவிடலாம்.

சான்றிதழைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டு வேலைக்கோ போக நினைப்பவருக்குப் பயன்படும். திண்ணையில் தைப்பவரிடமோ மா விற்பவரிடமோ யாரும் அதைக் கேட்பதில்லை. பல ஆண்டுகளாகத் தறியில் இருப்பவர்கள் முழுப் பயிற்சிநெறியில் மீண்டும் உட்காராமல், முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் மதிப்பீட்டுக்குத் தோற்றி அதைப் பெறலாம் என்பது பலருக்குத் தெரியாமலிருப்பது வருத்தமானது.

கடனை மட்டும் பயிற்சியோடு சேர்த்து வாங்க வேண்டாம் என்று மூன்று பிரிவினருக்கும் சொல்வேன். 2018 இல் மட்டக்களப்பும் அம்பாறையும் உட்பட 12 மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசு நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததே, வாரத் தவணை எத்தனை வீடுகளின் கழுத்தை நெரித்தது என்பதற்குச் சான்று. வாரம் தவறாமல் வருமானம் தராத தொழிலுக்கு வாரத் தவணைக் கடன் பொருந்தாது. அந்த வகையில் தையலும் நெசவும் கடனே இல்லாமல் தொடங்கக்கூடியவை. மா விற்பவர் ஒரு மூடை நெல்லோடு தொடங்கி, அந்த மூடையின் காசு முழுவதும் கைக்கு வந்த பிறகே இரண்டாவது மூடையைப் பற்றி யோசிக்கலாம்.