மலை ஏறும் முன் ஐந்து ரூபாய் நாணயம் சேர்த்துக்கொள்ளுங்கள்

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் தடை செய்திருப்பதில் எனக்கு முழு உடன்பாடு. குப்பைத் தொட்டியைக் கிளறி, உறையோடு சேர்த்து மெல்லும் காட்டெருமையைப் பார்த்தவர் யாரும் இதற்கு எதிராகப் பேச மாட்டார்கள். சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லட்டும், பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்ளட்டும். என் கோபம் முழுவதும் அதற்குப் பதிலாக வைத்திருக்கும் இயந்திரத்தின் மேல்தான்.

ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பஜார் முனை, பிற்பகல் நேரம், தேயிலைத் தோட்டங்கள் வழியே நடந்து இறங்கியிருந்தோம். பிள்ளைகளின் எவர்சில்வர் பாட்டில்களில் ஒரு சொட்டு இல்லை. எதிரே குடிநீர் ஏடிஎம். ஐந்து ரூபாய் போட்டால் ஒரு லிட்டர். நல்ல ஏற்பாடு என்று மகிழ்ந்துதான் அருகில் போனேன். ஸ்கேன் செய்யும் அட்டை கிழிந்து பாதிதான் ஒட்டிக்கொண்டிருந்தது. நாணயம் போடும் துளைக்கு ஐந்து ரூபாய் நாணயத்தைத் தவிர வேறெதுவும் ஆகாது.

அந்த ஒரு நாணயத்துக்காக அந்தத் தெருவையே அலசிவிட்டேன். மருந்துக் கடையில் இல்லை. பேக்கரியில் இல்லை. தேயிலைத்தூள் கடைக்காரர் கல்லாவையே திறந்து காட்டினார். நூறும் இருநூறுமாக நோட்டுகள் கிடந்தன, ஒரு நாணயம்கூட இல்லை. தைலக் கடையில் சில்லறை கிடைக்கும் என்று நம்பி, தேவையில்லாத யூகலிப்டஸ் தைலம் ஒன்றை வாங்கினேன். "ஜிபே இருக்கிறதா சார்?" என்று அவரும் கேட்டார். காய்கறி விற்பவர்வரை எல்லோரும் அதில்தான் வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். மீதிக்கு மிட்டாயைக் கையில் திணிக்கும் பழைய வழக்கம்கூடப் போய்விட்டது. நாணயம் ஊரிலிருந்தே மறைந்துவிட்ட காலத்தில், நாணயம் போட்டால்தான் தண்ணீர் என்று ஓர் இயந்திரத்தை நிறுத்திவைப்பது என்ன நியாயம்?

சின்னவன் அழத் தொடங்கிவிட்டான். கடைசியில் பஸ் நிலையத்துக்குப் போனேன். சில்லறை எங்கே இருக்கும் என்று ஊரில் வளர்ந்தவனுக்குத் தெரியாதா? புறப்படத் தயாராக நின்ற பஸ்ஸின் நடத்துநரிடம் இருபது ரூபாய்த் தாளை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். "குழந்தைக்குத் தண்ணீரா? முதலிலேயே இங்கே வந்திருக்கலாமே சார்" என்று தோல்பையைக் குலுக்கி நான்கு நாணயங்களை எடுத்துக் கொடுத்தார். விசில் ஊதிப் பஸ்ஸைக் கிளப்பும் அவசரத்திலும் அந்த மனிதர் எனக்காக நின்றார்.

முதல் நாணயத்தை இயந்திரம் விழுங்கிவிட்டது. தண்ணீர் வரவில்லை. பக்கத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் பரப்பி உட்கார்ந்திருந்த அம்மாள், "காலையிலிருந்தே அப்படித்தான் தம்பி. ஒரு காசைத் தின்றுவிட்டு அடுத்த காசுக்குத்தான் விடும்" என்றார். அவர் சொன்னபடியே ஆயிற்று. குழாய் திறந்த வேகத்தில் பாட்டில் வாய்க்குள் போனது பாதி, என் செருப்பில் போனது பாதி.

நான் வசிப்பது ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூரில். குன்னூர் வரை நம் மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு ஏறும் பழைய எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள் இந்த ஊரில் செய்தவை. தண்டவாளத்தின் நடுவே, என்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறுவதற்காக இருக்கும் பற்சட்ட அமைப்பும் ரோமன் ஆப்ட் என்ற ஸ்விஸ் பொறியாளருடையது. காலை 7.10 வண்டியில் மேட்டுப்பாளையத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும்: ஹில்குரோவிலும் ரன்னிமேடிலும் நின்று என்ஜின் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பும். அந்த என்ஜினுக்குச் செய்து வைத்திருப்பதை ஏறி வரும் மனிதர்களுக்குச் செய்யக் கூடாதா?

ஸ்விட்சர்லாந்தில் எந்த மலைக் கிராமத்துக்குப் போனாலும் நடுவில் கல்தொட்டியோ மரத்தொட்டியோ இருக்கும். இரவும் பகலும் ஊற்று நீர் விழுந்துகொண்டே இருக்கும். குடிக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்தால் ஒழிய, பாட்டிலை நீட்டிப் பிடித்துக்கொள்ளலாம். காசு இல்லை, பொத்தான் இல்லை. சூரிச் நகரத்தில் மட்டும் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் இருக்கின்றன. நடைபாதைகளில் மஞ்சள் பலகை வைத்து அடுத்த ஊருக்கு எவ்வளவு நேரம் என்பதையும் எழுதியிருப்பார்கள். நம் மலையில் யாரைக் கேட்டாலும் "இதோ, கொஞ்ச தூரம்தான்." அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எங்கள் பாட்டில்கள் காலியாயின.

ஆனால் அதே ஸ்விஸ் கிராமத்தில் சாப்பிட உட்கார்ந்தால் கதை வேறு. பல உணவகங்களில் தண்ணீருக்குத் தனியாகப் பணம், அதுவும் ஒரு காபியின் விலை. நாங்கள் அன்று மாலை நுழைந்த சின்ன மெஸ்ஸில் இலை போடுவதற்கு முன்பே டம்ளர்களில் வெந்நீர் வந்துவிட்டது. பரிமாறிய அண்ணன் மேசை மேலிருந்த பாட்டில்களைப் பார்த்துவிட்டு, நாங்கள் கேட்காமலே உள்ளே எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார். விறகுப் புகை வாசம் கலந்த அந்தத் தண்ணீரைப் பிள்ளைகள் முகம் கோணாமல் குடித்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

சித்திரை வெயிலில் தெருமுனைக்குத் தெருமுனை தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் நாம். மனிதர்களிடம் அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. பொது இடத்தில் ஒரு குழாய் வைக்கும்போது மட்டும் ஏன் துளையும் நாணயமும் குறுக்கே வந்துவிடுகின்றன? ஆண்டெல்லாம் மழையும் பனியும் இறங்கும் மலை அது. காசு வாங்கியே தீர வேண்டும் என்றால், கிழிந்த அட்டையை மாற்றி ஒட்டவாவது ஓர் ஆள் வேண்டும்.

ரயில், அறை, பூங்காக்கள் எல்லாம் நன்றாகவே அமைந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கியை மறக்காமல் வாங்குங்கள், டீயில் நனைக்கும்போது அதே பழைய ருசி. வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் கைப்பேசியில் பணம் செலுத்தும் வசதியை நம்பியிருக்க வேண்டாம். மேட்டுப்பாளையத்திலேயே ஐந்து ரூபாய் நாணயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள், வாய் அகன்ற பாட்டிலாக எடுத்துப் போங்கள். மலையில் நாணயம் தீர்ந்துவிட்டால் கடை கடையாக ஏறி இறங்காமல் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய் நடத்துநரைக் கேளுங்கள்.