ஸ்போர் பார்க்க ஃபோல்ட்ஸ்கோப்: பெரணிக்கு அருமை, பாக்டீரியாவுக்கு ஆகாது

ஃபோல்ட்ஸ்கோப் என்பது அட்டையை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. 140 மடங்கு பெரிதாக்கும். ஏறத்தாழ 2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை பிரித்துக் காட்டும். ஸ்போர், அதாவது பெரணியும் பூஞ்சையும் பெருக உதிர்க்கும் நுண்துகள், பார்ப்பதற்காக இதை வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இரண்டாவது எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். தொட்டியில் வளரும் பெரணியின் ஸ்போர் 30 மைக்ரானை ஒட்டி இருக்கும், காளானுடையது 5 முதல் 10 வரை, பாக்டீரியா தன் செல்லுக்குள் உண்டாக்கும் அகஸ்போர் 1 மைக்ரான் அளவுதான். முதலாவது துல்லியமாகத் தெரியும். இரண்டாவதில் வடிவம் மட்டும் பிடிபடும். மூன்றாவது தெரியவே தெரியாது.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷும் ஜிம் சிபுல்ஸ்கியும் உருவாக்கி 2014-ல் அறிமுகப்படுத்திய கருவி இது. அட்டையிலிருந்து துண்டுகளைப் பிரித்து, மடித்து, சொருக வேண்டும். முதல் தடவை அரை மணி நேரம் ஆகலாம். கடுகளவு கண்ணாடிக் குண்டுதான் லென்ஸ். இரு கட்டைவிரலாலும் தாளைத் தள்ளி இழுத்து ஃபோகஸ் செய்வது கைக்குப் பழக நாலைந்து தடவை ஆகும். கண்ணருகே பிடித்து ஜன்னல் வெளிச்சத்தையோ பல்பையோ நோக்கிப் பாருங்கள். சூரியனை நேராக நோக்கவே கூடாது.

இந்தக் கருவிக்குக் கொடுத்த காசு பெரணியிலேயே வசூலாகிவிடும். கிணற்றுச் சுவரிலும் பழைய செங்கல் இடுக்கிலும் முளைக்கும் டெரிஸ் பெரணி போதும். இலையின் ஓரம் நெடுக அடிப்பக்கத்தில் பழுப்புக் கோடு ஓடும். அதுதான் ஸ்போர் பைகளின் வரிசை. கோடு பச்சையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. கருத்துச் சுருங்கி, தொட்டால் சக்கையாக உதிர்ந்தால் ஸ்போர் ஏற்கெனவே போய்விட்டது. முற்றிய இலையை வெள்ளைத் தாளில் அடிப்பக்கம் கீழாக வைத்து மடித்து, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் இரண்டு நாள் விடுங்கள். பிறகு தாளை லேசாகச் சாய்த்துத் தட்டினால் சக்கை முதலில் உருண்டு ஓடும், ஸ்போர் தாளோடு ஒட்டி நிற்கும். ஊசி முனையில் தொட்டு எடுத்தது போதும். ஒரு சிட்டிகை போட்டால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருட்டுத்தான் தெரியும். தண்ணீரில் நனையாமல் மிதந்தால் துளி சோப்புத் தண்ணீர் சேருங்கள்.

டெரிஸ் ஸ்போர் மழுங்கிய முக்கோணமாக, நடுவில் மூன்று கைகள் கொண்ட தழும்போடு தெரியும். தொங்கு தொட்டியில் வளர்க்கும் நெஃப்ரோலெப்பிஸ் பெரணியின் ஸ்போரோ அவரை விதை வடிவம், ஒரே கோட்டுத் தழும்பு. பிறக்கும்போது நான்கு ஸ்போர்கள் எப்படி ஒட்டியிருந்தன என்பதற்கு இந்தத் தழும்புதான் சாட்சி. மூன்றின் மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் மூன்று கைத் தழும்பு. ஆரஞ்சுச் சுளைபோல் பக்கவாட்டில் ஒட்டியிருந்தால் ஒற்றைக் கோடு.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். முற்றியும் வெடிக்காத பைகளைச் சுரண்டி, ஒரு துளி கிளிசரின் விட்டு, கவர் கண்ணாடி மூடிப் பாருங்கள். ஒவ்வொரு பையின் முதுகிலும் தடித்த சுவருள்ள செல்கள் வளையமாக ஓடும். கிளிசரின் அவற்றிலிருந்து நீரை உறிஞ்ச உறிஞ்ச வளையம் பின்னோக்கி நிமிரும், பையின் வாய் பிளக்கும். ஒரு கட்டத்தில் செல்களுக்குள் குமிழி உண்டாகி, இழுவை அறுந்து, வளையம் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்பும். காற்றில் இது நடக்கும்போது ஸ்போர்கள் கவண்கல்லாகப் பறக்கும். பொதுவாக ஒரு பைக்கு 64. கவர் கண்ணாடி இல்லாமல் உலர்வாக வைத்தால் அவை லென்ஸிலேயே போய் ஒட்டும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்துவிடலாம், நகத்தால் சுரண்டாதீர்கள்.

மலைப்பக்கம் போகிறவர்கள் செலாஜினெல்லா என்ற, ஸ்போரால் பெருகும் சிறு செடியையும் எடுத்து வாருங்கள். ஒரே செடியில் இரண்டு அளவு ஸ்போர்: பெரியது வெறுங்கண்ணுக்கே பொடி மணலாகத் தெரியும், சிறியது வெறும் தூசி. இரண்டையும் அருகருகே வைத்து, பக்கத்தில் ஒரு தலைமுடியைப் போட்டுக்கொள்ளுங்கள். முடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். கையிருப்பில் இதைவிட எளிய அளவுகோல் இல்லை.

பூஞ்சைகளில் தேர்ந்தெடுத்துத்தான் பார்க்க வேண்டும். தக்காளி இலையில் வட்டத்துக்குள் வட்டமாகக் கருகிய புள்ளி இருந்தால் அது பெரும்பாலும் ஆல்டர்னேரியா என்ற பூஞ்சை. செல்லோடேப்பைப் புள்ளிமேல் அழுத்தி எடுத்து ஸ்லைடில் ஒட்டினால் வேலை முடிந்தது. கதாயுத வடிவில், உள்ளே குறுக்கும் நெடுக்கும் சுவர் வைத்த பழுப்பு ஸ்போர்கள் நன்றாகவே தெரியும். காபி இலைத் துருவும் தோதானது. 1869-ல் இலங்கையில் தெரியவந்து, அங்கே காபித் தோட்டங்களை அழித்துத் தேயிலைக்கு வழிவிட்ட அதே நோய். அதன் ஸ்போர் ஒரு பக்கம் வழுவழுப்பு, மறுபக்கம் முள்; 'பாதி வழுவழுப்பு' என்ற பொருளில்தான் இந்தப் பூஞ்சைக்கு ஹெமிலியா என்று பெயரே வைத்தார்கள். முதுகு வளைவு தெளிவாகத் தெரியும், முட்கள் மங்கலான சொரசொரப்பாகத்தான் தெரியும்.

சிப்பிக் காளானின் தொப்பியைக் கறுப்புத் தாளில் கவிழ்த்து மேலே டம்ளர் மூடினால் ஓர் இரவில் வெளிர்த் தூள் படியும். ஸ்போர்கள் நீண்ட அரிசி மணிபோல் தெரியும்; அதற்குமேல் விவரம் கேட்காதீர்கள். ரொட்டிப் பூஞ்சையில் ஸ்போரைவிட அதைத் தாங்கும் குண்டூசித் தலைதான் பார்க்க அழகு. ஆஸ்துமா உள்ள வீட்டில் பூஞ்சை பிடித்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். கறுப்பு விளிம்போடு கச்சிதமான வட்டமாக ஏதாவது தெரிந்தால் அது காற்றுக் குமிழி, ஸ்போர் அல்ல.

பாக்டீரியாவின் அகஸ்போருக்காக இதை வாங்காதீர்கள். அது இனப்பெருக்க ஸ்போரே அல்ல. ஒரு செல் கெட்ட காலத்தைக் கடத்த தனக்குள் கட்டும் ஒற்றைப் பெட்டகம். கொதிநீருக்குத் தாங்கும் என்பதால்தான் ஆய்வகங்களில் கருவிகளைக் கிருமி நீக்க அழுத்த நீராவியில் 121 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைக்கிறார்கள். அகஸ்போரைப் பார்க்க மாலகைட் பச்சை என்ற சாயத்தை ஆவியில் சூடேற்றி ஏற்றி, சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தால் மறுசாயம் இட்டு, ஆய்வக நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் 1000 மடங்கில் நோக்க வேண்டும். அப்போது செல் இளஞ்சிவப்பாகவும் ஸ்போர் பச்சையாகவும் நிற்கும். டெட்டனஸ் கிருமியில் அது ஒரு முனையில் உருண்டு, செல் முழுவதும் தீக்குச்சிபோல் இருக்கும்.