கார் ஸ்டீரியோ நேவிகேஷனுக்கு டேட்டா: ஹாட்ஸ்பாட், டாங்கிள், சிம் மூன்றில் எது நீடித்து நிற்கிறது?

வெளியே வாங்கிப் பொருத்தும் ஒன்பது, பத்து இன்ச் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவில் மேப் தகராறு செய்தால், செட்டு மட்டம் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறோம். பல நேரம் செட்டில் குறை இருக்காது. டேட்டா வந்து சேரும் வழிதான் அரைகுறையாக இருக்கும். மாதக்கணக்கில், வெயிலிலும் மலைப்பாதையிலும் ஓட்டிப் பார்த்தால்தான் எந்த வழி நீடிக்கிறது என்று தெரியும். கடையில் பத்து நிமிடம் காட்டும் டெமோவில் எல்லா வழியும் ஒன்றுபோல ஓடும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கார் எங்கே நிற்கிறது என்பதைச் சொல்வது ஜிபிஎஸ். அதற்கு டேட்டா வேண்டாம். இடத்தைத் தேடுவதற்கும், மேப் படம் இறங்குவதற்கும், போக்குவரத்து நெரிசலைக் காட்டுவதற்கும்தான் டேட்டா வேண்டும். ஆகவே மேப் தெளிவாகத் தெரிந்து, அம்புக்குறி மட்டும் பக்கத்துத் தெருவில் குதித்தால் சிம்மை மாற்றிப் பயனில்லை. அது ஜிபிஎஸ் ஆண்டெனா பிரச்சினை. அம்புக்குறி ஒழுங்காக நகர்ந்து, பின்னால் வெறும் சாம்பல் கட்டங்கள் தெரிந்தால் அதுதான் டேட்டா பிரச்சினை. இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு: டேட்டா இருந்தால் செயற்கைக்கோள் விவரங்களை இணையத்தில் எடுத்துக்கொண்டு சில நொடிகளில் இடத்தைப் பிடித்துவிடும். இல்லாவிட்டால் வானத்திலிருந்தே வாங்க வேண்டும். அதற்குத் திறந்த வெளியிலேயே அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். அடுக்குமாடி பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

போன் ஹாட்ஸ்பாட்தான் எல்லோரும் தொடங்கும் இடம். செலவில்லை, ஓடவும் செய்கிறது. ஆனால் தினப்படி பழக்கத்தில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். ஐபோனில் ஹாட்ஸ்பாட் திரையைத் திறந்து வைத்திருக்கும்போதுதான் செட்டு அதைக் கண்டுபிடிக்கும். சற்று நேரம் யாரும் சேராவிட்டால் மறைந்துகொள்ளும். ஆண்ட்ராய்டு போனில் ‘யாரும் இணையாவிட்டால் தானாக அணை’ என்ற அமைப்பு இருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். செட்டு ஹாட்ஸ்பாட்டையே காணவில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிப் பாருங்கள். ஐபோனில் இது ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்ற பெயரில் இருக்கும். பெயர் தெரிந்தும் சேராவிட்டால் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 ஆக்குங்கள். டபிள்யூபிஏ3 பல செட்டுகளுக்குப் புரியாது. ஹாட்ஸ்பாட் பெயரில் தமிழ் எழுத்து, மேற்கோள் குறி, எமோஜி எதுவும் வேண்டாம். வெறும் ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும்.

ஹாட்ஸ்பாட்டின் பெரிய சிக்கல் வேறு. போனின் மேப்பையும் பாட்டையும் செட்டின் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, கார்ப்ளே இரண்டுமே வயர் இல்லாமல் ஓடும்போது செட்டின் வைஃபையைப் பிடித்துக்கொள்ளும். அது ஓடும்போது அதே செட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டிலும் சேர்ந்திருப்பது பெரும்பாலும் நடக்காது. ‘மேப் ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென நின்றுவிட்டது’ என்ற புகாருக்குப் பின்னால் இதுவும் இருக்கும். போனைத்தான் எப்போதும் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலோ கார்ப்ளேயிலோ இணைக்கிறீர்கள் என்றால் செட்டுக்குத் தனி டேட்டாவே வேண்டாம். போனின் டேட்டாவே மேப்பை ஓட்டும். புளூடூத் டெதரிங் செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. மேப்புக்கு அந்த வேகம் போதும்தான். ஆனால் இந்த வகை செட்டுகளில் புளூடூத், அழைப்புக்கும் பாட்டுக்கும் என்று தனி மாட்யூலாக இருப்பதால் பலவற்றில் அந்த வசதி வேலை செய்வதில்லை.

அடுத்தது டாங்கிள், அதாவது தனி சிம் போட்டு வைஃபை தரும் சிறு கருவி. பேட்டரி உள்ள பாக்கெட் ஹாட்ஸ்பாட்டைக் காரிலேயே விட்டுவைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு மேற்பரப்பு 70 டிகிரியைத் தாண்டும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யவே கூடாது. மீறினால் பேட்டரி உப்பும், பின்மூடி லேசாகத் தூக்குவது அதன் அடையாளம். உப்பிய பிறகும் பயன்படுத்துவது தீவிபத்துக்கு வழி. பேட்டரி இல்லாத யூஎஸ்பி வைஃபை டாங்கிள் பரவாயில்லை. ஆனால் அதை ஸ்டீரியோவின் யூஎஸ்பி வயரில் சொருகினால், சிக்னல் மங்கும் இடத்தில் அது கூடுதல் மின்சாரம் இழுக்கும், செட்டின் யூஎஸ்பி கொடுக்காது, டாங்கிள் அணைந்து மீண்டும் எழும். ஊருக்குள் ஒழுங்காக ஓடி, புறவழிச்சாலையில் அடிக்கடி அறுந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். 2.4 ஆம்பியர் கொடுக்கும் நல்ல கார் சார்ஜரில் தனியாகச் சொருகுங்கள். சாவியை எடுத்ததும் அணையும் சாக்கெட்டாக இருக்கட்டும். இப்படிப் போட்டால் டாங்கிளை நம்பலாம். ஒரு லாபமும் உண்டு, பின்சீட்டில் இருப்பவர்களுக்கும் வைஃபை கிடைக்கும்.

செட்டுக்குள்ளேயே சிம் போடுவதுதான் நீடித்து நிற்கும் வழி. சாவி போட்டதும் தானாக டேட்டா வந்துவிட வேண்டும், யாரும் எதையும் தொடக்கூடாது என்பதுதான் அளவுகோல் என்றால் இதற்கு ஈடு இல்லை. ஆனால் சரியாகச் செய்யாவிட்டால் மூன்றிலும் மோசமாக ஓடுவதும் இதுவே.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது, செட்டில் உண்மையிலேயே 4ஜி மோடம் இருக்கிறதா என்பது. யூஐஎஸ்7862, யூஐஎஸ்8581ஏ ஆகிய சிப்புகள் 4ஜியோடு வருபவை. மலிவு செட்டுகளில் வரும் ஏசி8227எல் சிப்பில் அது கிடையாது. திரையில் ஆண்ட்ராய்டு 12, 13 என்று காட்டினாலும் உள்ளே 8.1 இருக்கும். செட்டிங்ஸ் காட்டும் எண்ணை நம்பாமல், சிபியூ-இசட் போன்ற செயலியைப் போட்டுக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். சிப்பில் மோடம் இருந்தும் சிம் ஸ்லாட்டையும் ஆண்டெனா வாயையும் வைக்காமல் விட்ட மாடல்கள் உண்டு. செட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பிறகு அலைவரிசை. ஜியோவின் 4ஜி 3, 5, 40 ஆகிய பேண்டுகளில் ஓடுகிறது. ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. பிஎஸ்என்எல் 4ஜிக்கு 28, 1. செட்டின் பேண்டு பட்டியலில் 28 இல்லாவிட்டால் பிஎஸ்என்எல் சிம் ஊருக்கு வெளியே ஏமாற்றும், ஏனென்றால் தூரம் போவது அந்த 700 மெகாஹெர்ட்ஸ்தான். ஜியோவில் அந்த இடம் 5ஆம் பேண்டுக்கு. இந்த வகை செட்டுகள் பெரும்பாலும் 4ஜியோடு நின்றுவிடும், ஆகவே போனில் கிடைக்கும் வரம்பற்ற 5ஜி இதற்குப் பொருந்தாது. அன்றாட ஒதுக்கீட்டிலிருந்துதான் கழியும்.

இனி ஆண்டெனா. வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். செட்டின் பின்னால் ஜிபிஎஸ்ஸுக்கும் 4ஜிக்கும் ஒரே மாதிரியான தங்கநிறத் திருகு வாய்கள் இருக்கும். அவசரத்தில் இரண்டும் மாறிப்போகும். ஜிபிஎஸ் ஆண்டெனா உள்ளே சிறிய ஆம்ப்ளிஃபையர் உள்ளது, செட்டிலிருந்து அதற்கு மின்சாரம் போக வேண்டும். 4ஜி வாயில் மாட்டினால் அது உயிரற்ற வயர்தான், மேப்பும் வராது, இடமும் தெரியாது. ஒவ்வொரு வாயின் பக்கத்திலும் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள். ஃபக்ரா வகை பிளக் என்றால் நீலம் ஜிபிஎஸ்.

ஜிபிஎஸ் ஆண்டெனாவைப் பலரும் செட்டுக்குப் பின்னாலேயே திணித்துவிடுகிறார்கள். சுற்றிலும் இரும்புச் சட்டம் இருக்கும் இடம் அது. முன்கண்ணாடியின் அடிப்பகுதியில், காந்தம் கீழே, வழுவழுப்பான பக்கம் வானத்தைப் பார்க்க, டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கு அடியில் வைத்தாலே போதும். பிளாஸ்டிக் தடுக்காது, இரும்புதான் தடுக்கும். 4ஜி ஆண்டெனாவை அதனோடு சேர்த்துக் கட்டாமல், முன்கண்ணாடியின் ஓரத் தூணான ஏ-பில்லர் பக்கம் செங்குத்தாகக் கொண்டுபோங்கள். உலோகப் பூச்சு உள்ள சன் ஃபிலிம் முன்கண்ணாடியில் இருந்தால் இரண்டும் மங்கும். டேஷ்கேமின் மட்டமான சார்ஜர் ஜிபிஎஸ்ஸைக் கெடுப்பதும் சகஜம். சார்ஜரைப் பிடுங்கியதும் அம்புக்குறி சரியானால் குற்றவாளி அதுதான்.

சரியாக வைத்தாயிற்றா என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். அளந்து பாருங்கள். செட்டிங்ஸில் சிம் நிலைப் பக்கம் சிக்னல் வலிமையை டிபிஎம் என்ற அளவில் காட்டும். மைனஸ் 85, 90 என்றால் நன்று. மைனஸ் 105 பக்கம் வந்தால் மேப் தடுமாறும், மைனஸ் 115ஐத் தாண்டினால் அறுந்துவிடும். ஆண்டெனாவைக் கையில் பிடித்து இரண்டு மூன்று இடங்களில் மாற்றி வைத்து, மைனஸுக்குப் பின்னால் வரும் எண் குறைவாக உள்ள இடத்தில் ஒட்டுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு ‘ஜிபிஎஸ் டெஸ்ட்’ செயலியில் செயற்கைக்கோள் பட்டைகள் பலவும் 30க்கு மேல் நிற்க வேண்டும். டேஷ்போர்டை மூடுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்லுங்கள். மூடிய பிறகு பொருத்துபவருக்கு மீண்டும் கழற்ற மனம் வராது.

சிம்மை வாங்கியதும் நேரே செட்டில் போடாதீர்கள். போனில் போட்டு, சரிபார்ப்பு முடித்து, டேட்டா ஓடுவதைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். செட்டில் 4ஜியிலேயே அழைப்பைக் கொண்டுபோகும் வோல்டி வசதி இல்லாததால் ஜியோ சிம்முக்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் அங்கே வராது, ஓடிபி கிடைக்காது. டேட்டா மட்டும் வரும். ஸ்லாட் மைக்ரோ அளவாக இருந்து நானோ சிம்மை அடாப்டரில் வைத்தால் மேடு பள்ளத்தில் நகர்ந்துவிடும். சிம் முதுகில் மெல்லிய டேப் ஒட்டி இறுக்கினால் நிற்கும்.

சிம் தெரிகிறது, கம்பிகளும் நிற்கின்றன, இணையம் மட்டும் இல்லை என்றால் ஏபிஎன் பாருங்கள், சிம் இணையத்துக்குள் நுழையும் வாசலின் பெயர் அது. மொபைல் நெட்வொர்க் பக்கத்தில் புதிய ஏபிஎன் சேர்த்து, ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பிஎஸ்என்எல்லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’, ஏர்டெலுக்கு ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்’ என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் அடியுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், ப்ராக்ஸி எல்லாம் காலியாக இருக்கட்டும். ஏபிஎன் வகையில் ‘default,supl’ என்று இரண்டையும் கமா போட்டு எழுதுங்கள். நெறிமுறை ஐபிவி4/ஐபிவி6 என்று இருக்க வேண்டும். ஜியோ பெரும்பாலும் ஐபிவி6இல் ஓடுவதால் வெறும் ஐபிவி4 என்று விட்டால் சிக்கல் வரும். மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு ‘சேமி’ கொடுக்காமல் பின்னால் வந்துவிட்டால் பல செட்டுகளில் அடித்ததெல்லாம் போய்விடும்.

ஏர்டெல் சிம்மில் இன்னொன்று. 4ஜி மங்கும் இடத்தில் 2ஜிக்கு இறங்கி, சிக்னல் நன்றாக வந்த பிறகும் அங்கேயே தங்கிவிடும். மேப் சுற்றிக்கொண்டே இருக்கும். விருப்ப நெட்வொர்க்கை ‘எல்டிஇ மட்டும்’ ஆக்கினால் இது தீரும். எந்த சிம்முமே ‘சேவை இல்லை’ என்று நின்றால் மோடத்தின் அடையாள எண்ணான ஐஎம்இஐ இருக்கிறதா பாருங்கள். ஃபர்ம்வேர் ஏற்றியபின் அது அழிந்துபோவதுண்டு. வாரண்டியில் கொடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். வேறொரு எண்ணை எழுதித் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.

எல்லாம் சரியாக ஓடிவந்து, பேட்டரி மாற்றிய மறுநாள் ‘இணைப்பு உண்டு, இணையம் இல்லை’ என்று வந்தால் முதலில் தேதியைப் பாருங்கள். செட்டின் கடிகாரம் பல வருடம் பின்னால் போயிருக்கும். பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிவதால் மேப், கூகுள் கணக்கு எல்லாம் மறுக்கும். தேதியைக் கையால் சரிசெய்தால் அடுத்த நிமிடமே எல்லாம் எழுந்துவிடும். ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் இப்படி ஆனால் வயரிங் தப்பு. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் 12 வோல்ட் பெற வேண்டும், சிவப்பு சாவியோடு வர வேண்டும். இரண்டையும் ஒன்றாக முறுக்கிச் சாவி வயரில் கொடுத்திருந்தால் செட்டு தூங்கி எழாமல், தினமும் முழுதாக அணைந்து புதிதாகத் தொடங்கும். சிம் நெட்வொர்க்கைப் பிடிக்கவும் அவ்வளவு நேரம் கூடுதலாகும்.

டேட்டா செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. சாதாரண மேப்பில் வழிகாட்டலுக்கு மணிக்குச் சில எம்பிதான். சாட்டிலைட் காட்சி வைத்தால் கூடும். ஒதுக்கீட்டைத் தின்பது பிளே ஸ்டோர் தானாகச் செய்யும் அப்டேட்டுகளும் வீடியோவும்தான். அப்டேட்டை ‘வைஃபையில் மட்டும்’ என்று மாற்றி, டேட்டா சேவரை இயக்கி, மேப்புக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். காரை அதிகம் எடுக்காதவர்கள் சிம்மின் உயிரைக் கவனிக்க வேண்டும். ப்ரீபெய்டு எண் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல் கிடந்தால் துண்டிக்கப்படலாம். கணக்கில் 20 ரூபாய் இருப்பு வைத்திருந்தால் அவகாசம் நீளும்.

எந்த சிம்மும் திம்பம், வால்பாறை மலைப்பாதைகளில் முழுக்கத் துணை வராது. கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் செட்டை இணைத்து, போகும் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொள்ளுங்கள். நெரிசல் விவரமும் மாற்று வழியும் இருக்காது, ஆனால் வழி தவறாது. கூகுள் ஆஃப்லைன் மேப்பை ஓராண்டுக்குள் புதுப்பிக்க வேண்டும். ஆர்கானிக் மேப்ஸ் என்ற ஆஃப்லைன் மேப் செயலியையும் கூடவே வைத்துக்கொள்வது நல்லது. சில கிராமத்து மண்பாதைகள் அதில்தான் இருக்கும்.

கம்பெனியே இ-சிம் வைத்துத் தரும் கார்களில் இந்த வேலை எதுவும் இல்லை. 2019இல் வந்த வென்யூ, ஹெக்டர் முதல் இந்த வகைதான். அதில் சிம்மைத் தொட முடியாது. இலவசக் காலம் முடிந்ததும் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டால் நேரடி நெரிசல் விவரம் நின்றுவிடும்.

செட்டில் உங்கள் முதன்மை கூகுள் கணக்கைப் போடாதீர்கள், மேப்புக்கென்று தனியாக ஒன்று போதும். காரை விற்கும்போது சிம்மைக் கழற்றி, கணக்கை நீக்கி, செட்டை ரீசெட் செய்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள். அந்த சிம் உங்கள் ஆதாரில் வாங்கியது, அதில் நடப்பதற்கெல்லாம் பொறுப்பு உங்கள் பெயரில்தான் வரும்.