எப்போதும் 'மேலே': என் .22 ரைஃபிளும் ஸ்கோப்பும், நாலு வருஷ அனுபவம்

விக்டோரியாவில் நண்பர் ஒருவரின் பண்ணையில் முயல் தொல்லை. மேய்ச்சல் நிலம் முழுக்க வளைகள். அதற்காகத்தான் லைசென்ஸ் எடுத்து, நாலு வருஷத்துக்கு முன் சி.இசட். 457 வாங்கினேன். .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டா; போல்ட் ஆக்‌ஷன், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் பின்னாலுள்ள போல்ட்டைக் கையால் தூக்கி இழுத்துத் தள்ள வேண்டும். ரைஃபிளில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். போல்ட்டை 60 டிகிரி தூக்கினாலே போதும், ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்) கை இடிக்காது. என்னைப் பாடாய்ப் படுத்தியதெல்லாம் மேலே உட்கார்ந்திருந்த ஸ்கோப்தான்.

முதல் வருஷம் நடந்தது இது. 50 மீட்டரில் அஞ்சு தோட்டாவும் இரண்டு டாலர் நாணயத்துக்குள் விழும். அடுத்த வாரம் போனால் அதே நெருக்கம், ஆனால் மூணு நாலு சென்டிமீட்டர் கீழே. சரி, குண்டு விழும் இடத்தை மாற்றும் ஸ்கோப் குமிழைத் திருகுவேன். என் ஸ்கோப்பில் ஒரு கிளிக் என்பது கால் எம்.ஓ.ஏ. (ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு எம்.ஓ.ஏ.); 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர், 50-ல் அதில் பாதி. பத்து கிளிக் மேலே. அடுத்த வாரம் மறுபடியும் கீழே.

நல்லவேளை, திருகியதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஒருநாள் கூட்டிப் பார்த்தேன்: மொத்தம் 41 கிளிக், எல்லாமே 'மேலே'. ஒரு தடவைகூடக் 'கீழே' இல்லை. என் கைநடுக்கம் காரணமென்றால் குண்டு நாலு பக்கமும் சிதறியிருக்க வேண்டுமே!

அன்றிரவு தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, போல்ட்டைக் கழற்றி, ரைஃபிளை விளக்குக்கு நேரே பிடித்தேன். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் இரண்டு ரிங்குகளில் முன் ரிங்குக்கும், அது கவ்வும் ரைஃபிளின் மேல்பக்க ரெயிலுக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு. பர்ஸிலிருந்த விசிட்டிங் கார்டு அதற்குள் போனது. கார்டின் கனம் சுமார் 0.3 மில்லிமீட்டர். ரிங்குகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், இந்த 0.3 மட்டுமே 50 மீட்டரில் 15 சென்டிமீட்டர் ஆகிவிடும். 41 கிளிக்கும் அதேதான்.

விஷயம் இவ்வளவுதான்: இந்த ரைஃபிளின் ரெயில் 11 மில்லிமீட்டர். கடையில் "ரெண்டுக்கும் பொருந்தும்" என்று கொடுத்த ரிங், 9.5 மில்லிமீட்டர் ரெயிலுக்கானது. அதன் நகம் விளிம்பை மட்டும் கவ்விக்கொண்டு, ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியிருக்கிறது. முன்பக்கம் தூக்கினால் குண்டு கீழே விழும். .22-க்கு உதைப்பு ஏது என்று அலட்சியமாக இருந்தது என் தப்பு.

சரியான ரிங் வந்ததும் ரெயிலில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன். மேல் மூடி ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றி, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும்படி 2 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கினால் ஸ்கோப் உருண்டு, அதற்குள் தெரியும் குறுக்குக்கோடு சாய்ந்துவிடும். மரத்தில் நூல் கட்டி நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அந்த நூலைப் பார்த்துக் குறுக்குக்கோட்டை நேராக்கினேன். குமிழ்களை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எண்ணிப் பாதியில் நிறுத்தினேன். போல்ட் இல்லாத குழல் வழியே 25 மீட்டர் அட்டையைப் பார்த்து, குறுக்குக்கோட்டையும் அங்கே கொண்டுவந்தேன். முதல் குண்டே அட்டையில் விழுந்தது.

அப்புறமும் ஒரு குடைச்சல் மிச்சமிருந்தது. அந்த ஸ்கோப் ஒரு மான் ரைஃபிளிலிருந்து வந்தது. பேரலாக்ஸ், அதாவது கண் நகர்ந்தாலும் குறுக்குக்கோடு இலக்கிலிருந்து நகராத தூரம், 100 கெஜத்துக்கு அமைத்தது. 25 மீட்டரில் ரைஃபிளை மணல் மூட்டைமேல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் அசைத்தால் குறுக்குக்கோடு அட்டையில் ஊர்ந்து போகும். கன்னம் ஒரே இடத்தில் பதியாத நாளெல்லாம் குறி தவறியது அதனால்தான். முன்கண்ணாடியில் தூரத்தை மாற்றிக்கொள்ளும் ஸ்கோப் வாங்கியபின் தீர்ந்தது.

தோட்டாவையும் மாற்றுவதில்லை. குண்டின் எடை 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்), வேகம் நொடிக்கு 1,070 அடி, அவ்வளவுதான். வேகமான ரகத்தைப் போட்டால் குறியை மறுபடி அமைக்க வேண்டும். குழலைத் துடைத்தபின் முதல் பத்து குண்டு சற்று அலையும். அப்போது குமிழில் கை வைப்பதில்லை. 100 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும், அந்தத் தூரத்து முயல்களை விட்டுவிடுகிறேன்.

ஸ்க்ரூ தலைகளின் குறுக்கே மனைவியின் நகச்சாயத்தால் கோடு போட்டிருக்கிறேன். மூணு வருஷமாகக் கோடு உடையவில்லை. இப்போதைய ஒரே குறை, குளிர்காலக் காலையில் அந்த முன்கண்ணாடி வளையம் இறுகிப்போய், கையுறையோடு திருப்ப முடிவதில்லை.